தண்ணீர் கேட்டுக்கொண்ட சொல்

விளக்கு வைத்து, முதல் சீரியலின் பாட்டு எல்லா வீட்டிலிருந்தும் ஒன்றாகக் கிளம்பி ஓய்ந்த பிறகு, தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. கீச்... ளக். கீச்... ளக். நடை பழகும் பிள்ளைகளுக்கு வாங்கிப் போடுவோமே, மிதித்தால் கத்துகிற செருப்பு, அதற்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் பாதி கத்தி பாதி விழுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். மழை இல்லை, மேகம் இல்லை, எந்த மதகும் உடைந்ததாகச் செய்தி இல்லை. ஆனாலும் அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே, பழகிய நாய்க்குட்டி போலக் கணுக்கால் உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. லேக் வியூ நகர் மூன்றாவது தெருவில் ஒவ்வொரு வாசற்படியையும் முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் சுகந்தியின் வீட்டு முன்னால் நின்றது. செருப்புச் சத்தமும் நின்றது.

"மே ஐ கமின், மம்மி?"

சுகந்தி அப்போது கைக்குழந்தை பென்னிக்குப் பருப்புச் சாதம் மசித்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் அலறவில்லை. அந்தச் செருப்பை வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் பேரம் பேசி வாங்கியவள் அவள்தான். ரோஸ் நிறம், குதிகாலில் மினுக்கு விளக்கு. அந்தக் கேள்வியும் அவளுக்குத் தெரிந்ததுதான். அவள் படித்த அதே கான்வென்ட்டில்தான் மூத்தவள் ஜெருஷாவை எல்.கே.ஜி. சேர்த்திருந்தாள், அங்கே எழுத்துக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். வகுப்பு வாசலில் நின்று கேட்க வேண்டும்; சிஸ்டர் 'யெஸ், கமின்' என்று சொல்லும்வரை ஒரு கால்கூட உள்ளே வரக் கூடாது. ஜெரு அதை வீட்டிலும் விடவில்லை, பாத்ரூம் கதவில்கூட நின்று கேட்பாள். அவளோடு ஒரு வருஷம் இருந்து அவளிடமே மரியாதை கற்றுக்கொண்டுவிட்ட தண்ணீரும், வரச் சொல்லாமல் உள்ளே வரவில்லை. படியில் காத்திருந்தது. விடியற்காலையில் பால் பாக்கெட் போடும் பையனின் சைக்கிள் மணி கேட்டதும் வந்த வழியே போய்விட்டது. மறுநாள் விளக்கு வைத்ததும் திரும்ப வந்தது.

தெரு அதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. பைக்குகள் செங்கல்மேல் ஏறின, செருப்புகள் ஜன்னல் கம்பிக்குப் போயின, டியூஷன் பிள்ளைகள் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள், மல்லிகைப்பூக்காரி பெரிய பிளாஸ்டிக் டப்பில் பூக்கூடையை மிதக்க விட்டு ஒரு கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்ததால், எதிர்வீட்டு ஜைபுன்னிசா அக்கா வருஷக்கணக்கில் துவைக்காமல் வைத்திருந்த ஜமக்காளங்களை எல்லாம் வாசலிலேயே அலசிப் போட்டாள். குடிநீர் லாரி டிரைவர் மட்டும் கோபித்துக்கொண்டான். "நான் வந்தாலும் 'தண்ணி வந்தாச்சு'ன்னு குரூப்புல போடறீங்க, அது வந்தாலும் 'தண்ணி வந்தாச்சு'ன்னு போடறீங்க. ஜனங்க குடத்தை எடுக்கறதா, குழந்தையை எடுக்கறதா?"

அந்தத் தண்ணீர் யாருக்கும் அந்நியமில்லை. சேந்தங்குளம் ஏரி இருந்த இடத்தில்தான் லேக் வியூ நகர் இருந்தது. மனை போட்டவர்கள் ஏரியை மண்ணால் மூடிவிட்டு, மூடியதற்கு அடையாளமாக அதன் பெயரை நுழைவாயில் வளைவில் சிமெண்டில் எழுதி வைத்திருந்தார்கள். போன கார்த்திகையில் ஏரி தன் இடத்தைப் பார்க்க வந்தது. தரைத்தளங்கள் முழுகின, ஜனங்கள் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். சுகந்தியின் கணவன் சேவியர் கன்டெய்னர் லாரியோடு நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டிருந்தான். பென்னிக்குத் தொப்புள்கொடிகூட உதிரவில்லை. படகு வந்தபோது, "நடக்கிற பிள்ளைகளை முதல்ல குடுங்க, கைக்குழந்தைக்காரங்க அடுத்த நடையில" என்றார்கள். சுகந்தி ஜெருவைத் தூக்கிக் கீழே நீண்டிருந்த கைகளில் கொடுத்தாள்.

ஜெருவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கே கிளம்பினாலும் "போறேன் மம்மி" என்பாள். சுகந்திக்குச் சுரீரென்று வரும். "போறேன்னு சொல்லாதே! போயிட்டு வரேன்னு சொல்லு" என்று உதட்டில் ஒரு விரலால் தட்டி, ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தாலும் சரி, திரும்ப உள்ளே கூப்பிட்டுச் சரியாகச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள். அன்றைக்குப் படகில், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுக்குள் முக்கால்வாசி மறைந்துபோய் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பிள்ளை யாரும் திருத்தாமலே முதல்முறையாகச் சரியாகச் சொன்னது.

"போயிட்டு வரேன் மம்மி."

"போயிட்டு வாடா தங்கம். போயிட்டு வா."

படகு பாலத்தடியில் கவிழ்ந்தது. மற்றப் பிள்ளைகளை எடுத்தார்கள். ஜெருவைத் தேடினார்கள், தேடினார்கள், தண்ணீர் வடிந்து சேறு காய்ந்து வெடிக்கும்வரை தேடினார்கள். ஆரஞ்சு ஜாக்கெட் கிடைத்தது. சுகந்தி அதிலிருந்து வீட்டுக் கதவைச் சாத்துவதையே விட்டுவிட்டாள். வெள்ளத்தில் ஊறி உப்பியிருந்த அந்தக் கதவு எப்படியும் நிலையில் உட்காராது. சேவியர் இழைப்புளியோடு இரண்டு தச்சர்களைக் கூட்டி வந்தான், இரண்டு பேரையும் அவள் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். "அவ வந்து கதவு சாத்தியிருந்தா?" என்று அவனைக் கேட்டாள். ராத்திரி லோடுகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு அவன் போய்விடுவான்; அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு ஆம்பளையால் எப்படி உட்கார முடியும் என்று ஜைபு அக்காவிடம் மட்டும் ஒரு தடவை சொல்லியிருக்கிறான்.

சுகந்தி உட்கார்ந்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் வாசற்படிக்கு உள்புறம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தண்ணீருக்குள் மினுக்கும் அந்தச் சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டு, "சாப்பிட்டியாடா? குளிருதா?" என்று கேட்பாள். "மே ஐ கமின் மம்மி?" என்பதைத் தவிர வேறு பதில் வராது. 'யெஸ்' என்று சொல்ல வாயெடுப்பாள். மடியில் பென்னி இருப்பான், அவள் சொல்ல மாட்டாள்.

தெரு அவளுக்காகப் பொறுத்துக்கொண்டது. ஆனால் தண்ணீர் தினமும் ஒரு நூல் உயர்ந்துகொண்டே வந்தது. முழங்காலைத் தொட்டபோது, படி தாழ்வான ஜைபு அக்கா வீட்டு அரிசி மூட்டை நனைந்தது. நகர் சங்கத் தலைவர் தணிகைமணி சார், பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனுப் போட்டார். அரசாங்கம் முதலில் தெருவைச் சுற்றி ஒரு சுவர் கட்டியது. ஆள் நடமாட விட்ட தெருமுனை வழியாகவே தண்ணீர் வந்ததால் சுவர் அதைப் பத்திரமாக உள்ளேயே வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான், வெள்ளத்தோடு பழகிய நாடுகளிலிருந்து ஆட்களை அழைத்து வந்தார்கள்.

சுகந்தி வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மொழிபெயர்க்க ஒரு பெண்ணையும் உட்கார வைத்தார்கள். நெதர்லாந்திலிருந்து வந்தவர் நெடுநெடுவென்று இருந்தார். "எங்கள் நாட்டில் பாதி, கடல் மட்டத்துக்குக் கீழே. தலைமுறை தலைமுறையாகக் கரையை உயர்த்திக்கொண்டே போனோம். பிறகு ஆற்றுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று புரிந்தது. கரையைப் பின்னால் தள்ளிப் போட்டோம், சில குடும்பங்கள் வீட்டையே விட்டுக்கொடுத்தன. நீங்கள் எந்த இடத்தைக் கொடுப்பீர்கள்?"

தணிகைமணி சார் தொண்டையைச் செருமினார். "நாலாவது தெருவுல காலி மனை நிறைய இருக்கு."

பின்னாலிருந்து நாலாவது தெருக்காரன் ஒருவன் கத்தினான். "ஏன் சார், ஏரி மதகு இருந்ததே உங்க பெட்ரூமுலதான்! அதைக் குடுங்களேன்!"

ஜப்பானிலிருந்து வந்த அம்மாள், நகரத்துக்கு அடியில் கோயில் மண்டபம் போல வானுயரத் தூண்கள் நிறுத்திக் கட்டியிருக்கிறோம், வெள்ளம் அங்கே இறங்கிப் பொறுமையாகக் காத்திருந்து பிறகு ஆற்றுக்குப் போகும், ஒவ்வொரு வீட்டிலும் கதவருகே ஒரு பை தயாராகத் தொங்கும், சின்னப் பிள்ளைக்குக்கூட எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்று தெரியும் என்றார். "அந்த மண்டபத்தை இங்க கட்டினா, அதையும் பிளாட் போட்டு வித்துருவானுங்கம்மா" என்றாள் ஜைபு அக்கா. மொழிபெயர்ப்புப் பெண் அதை விட்டுவிட்டாள்.

வங்கதேசத்திலிருந்து வந்த ரஃபீக்குல் என்பவர் நாற்காலியில் உட்காரவில்லை, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சுகந்தியின் படியிலேயே உட்கார்ந்தார். "எங்களிடம் பணம் இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. வீட்டுத் தரையை மண் கொட்டி உயர்த்திக்கொள்வோம். ஆகாயத்தாமரையைப் பின்னி அதன்மேல் கீரை போடுவோம். புயல் வருவதற்கு முன்னால் ஊர்ப் பையன்கள் கொடி ஏற்றிவிட்டு, கையில் ஒலிபெருக்கியோடு சைக்கிளில் போவார்கள். பள்ளிக்கு அனுப்புமுன்னால் பிள்ளையைக் குளத்தில் இறக்கி நீந்தக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறோம்." அவர் சுகந்தியைப் பார்த்தார். "உங்கள் மகளுக்கு நீச்சல் தெரியுமா?"

மொழிபெயர்ப்புப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பெயர்க்கத் தேவையும் இல்லை, சுகந்திக்கு இங்கிலீஷ் தெரியும்.

"ரைம்ஸ் தெரியும் சார்" என்றாள். "மழையைப் போகச் சொல்ற ரைம்ஸ்கூட ஆக்‌ஷனோட தெரியும்."

அதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. கீச்... ளக். தண்ணீர் வந்தது. நெதர்லாந்துக்காரர் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், ஜப்பான் அம்மாள் இடுப்பு வரை குனிந்து வணங்கினார், ரஃபீக்குல் படியில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். செருப்புச் சத்தம் அவர்களைத் தாண்டி வந்து வாசலில் நின்று, கேட்க வேண்டியதைக் கேட்டது.

"அன்றைக்கு அவளை அனுப்பும்போது என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார் ரஃபீக்குல்.

சுகந்தி சொன்னாள். மொழிபெயர்ப்புப் பெண் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாள்: போ, பிறகு வா.

ஜப்பான் அம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "எங்கள் ஊரிலும் அதேதான். கிளம்புகிற பிள்ளை 'போய்விட்டு வருகிறேன்' என்று சொல்லும், வீட்டில் இருப்பவர் 'போய்விட்டு வா' என்று சொல்ல வேண்டும். பெரிய அலை வந்த அன்று காலையிலும் எல்லா வீட்டிலும் அதைச் சொன்னோம்."

"நாங்கள் 'போகிறேன்' என்று சொல்வதே இல்லை" என்றார் ரஃபீக்குல். "'வருகிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போவோம்."

நெதர்லாந்துக்காரர் யோசித்து, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் போல, "'மறுபடி பார்க்கும்வரை' என்போம்" என்றார்.

ஜைபு அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தண்ணிக்கு மட்டும்தான் ஆளுக்கொரு வைத்தியம் வச்சிருக்கீங்க. புள்ளைய அனுப்புற வார்த்தை எல்லா ஊருலயும் ஒண்ணாத்தான் இருக்கு."

அப்போதுதான் தெருவுக்கே விளங்கியது. சுகந்தி சொன்னது பிள்ளைக்கு. ஆனால் படகுக்கு அடியில் இருந்த தண்ணீரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. யாராவது தன்னைப் போயிட்டு வரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் எல்லோரும் வாளியால் இறைத்தும் துடைப்பத்தால் தள்ளியும்தான் துரத்தியிருக்கிறார்கள். மரியாதையாகச் சொன்ன சொல்லை அது மரியாதையாக எடுத்துக்கொண்டது. போயிட்டு வந்திருக்கிறது.

வெளிநாட்டுக்காரர்கள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் புறப்பட்டார்கள். என்ன சொல்லிவிட்டுப் போவது என்று தெரியாமல் மூன்று பேரும் ஒன்றும் சொல்லாமலே காரில் ஏறினார்கள்.

மறுநாள் தணிகைமணி சார் கோயிலிலிருந்து மைக் செட் வாங்கி வந்து, தெருவையே மாடியில் ஏற்றி, தண்ணீரைப் பார்த்து ஒரே குரலில் "போ!" என்று கத்த வைத்தார். பழக்கதோஷத்தில் பாதிப் பேருக்கு "போயிட்டு..." என்று வாயில் வந்தது. மீதிப் பேர் ஒழுங்காகக் கத்தியும் தண்ணீர் அசையவில்லை. வரச் சொன்ன வாய் எதுவோ, அந்த வாய்தான் போகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். யாரும் சுகந்தியிடம் போய்க் கேட்கவில்லை. அவள் கடைக்கு வந்தால் மாவு பாக்கெட்டை முதலில் அவளுக்குக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஜைபு அக்காதான் வந்தாள், ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே. "என் அரிசி நனைஞ்சதுக்கு வரல. இன்னும் பத்து மூட்டை நனையட்டும். நேத்து நீ அடுப்படியில இருந்தப்ப இவன் வாசப்படி வரைக்கும் தவழ்ந்து வந்துட்டான், சுகந்தி. கையை நீட்டுறான். அதுவும் படியில வாயைத் திறந்துகிட்டு நிக்குது. நான் எதிர்ல இருந்து கத்தினேன், உனக்குக் கேக்கல."

"அவ அவனை ஒண்ணும் செய்ய மாட்டாக்கா. அவன் பொறந்தப்ப மடியிலேர்ந்து எறக்க மாட்டேன்னுட்டா."

"அவ செய்ய மாட்டா" என்றாள் ஜைபு அக்கா. "தண்ணிக்கு யாரு சொல்றது?"

சுகந்தி அன்றிலிருந்து பென்னியின் இடுப்பைத் தன் துப்பட்டாவால் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்து வைத்தாள். ஜெபமாலை உருட்டினாள். கதவை மட்டும் சாத்தவில்லை.

ஒரு சாயங்காலம் சாதம் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்கப் போனவள் திரும்புவதற்குள் துப்பட்டா முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. பென்னி வாசற்படியில், ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தரையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படிக்கு அந்தப் பக்கம் மினுக்கு விளக்கு எரிந்து அணைந்தது. அதைப் பார்த்து, காக்காயைக் கூப்பிடுகிற மாதிரி விரல்களை மடக்கி மடக்கி, அவன் தன் வாழ்நாளின் முதல் வார்த்தையைச் சொன்னான்.

"வா."

இத்தனை நாள் அனுமதி கேட்டுக்கொண்டு நின்ற தண்ணீர் உள்ளே வந்தது. அவசரப்படவில்லை, விருந்தாளி மாதிரி வந்தது. பாயை நனைத்து, மாதா படத்துக்குக் கீழே இருந்த மெழுகுவர்த்தியை மிதக்க வைத்து, பென்னியின் முழங்காலைத் தொட்டது. அவன் சிரித்தான். டம்ளரை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினான். தண்ணீர் அவன் கக்கத்துக்கு அடியில் கை கொடுப்பது போலப் புகுந்து, தரையிலிருந்து அவனை மெல்ல எடுத்தது.

சுகந்தி பாய்ந்து அவனைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் முன்னால் தண்ணீரின் மேல் இரண்டு சின்னக் குழிகள் தெரிந்தன, ஒரு ஜோடிச் செருப்பு அகலத்துக்கு.

"தம்பி வரச் சொன்னான் மம்மி."

இப்போது அந்தக் குரல் வீட்டுக்குள், அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது. ஒரு வருஷமாக அவள் இதற்குத்தான் கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

"தம்பிக்கு ஒண்ணும் தெரியாதுடா ஜெரு. அவனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்."

"அவனையும் கூட்டிட்டுப் போகட்டா? அங்க போட் இருக்கு. காட்டறேன்."

"வேணாம் கண்ணு."

"பத்திரமாப் பாத்துப்பேன். தலையைப் பிடிச்சுப்பேன்."

"தெரியும்டா. நீ பாத்துப்பே." சுகந்தி பென்னியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஜெரு... நீ போ."

எங்கேயோ ஒரு வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது. தண்ணீரில் குழிகள் இரண்டும் ஒருமுறை கலங்கி, பின்பக்கம் திரும்பின. வாசல்வரை போய், பாராட்டுக்குக் காத்திருக்கும் குரலில் சொன்னது பிள்ளை:

"போயிட்டு வரேன் மம்மி."

சுகந்தி நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படி வேணாம்டா. போறேன்னு சொல்லு."

"அது தப்பு மம்மி. நீதானே சொன்னே."

"நான்தான் சொன்னேன். இன்னிக்குச் சொல்லலாம்."

"தட்ட மாட்டியே?"

"மாட்டேன்."

படியில் தண்ணீர் நக்கும் சத்தம் மட்டும்.

"போறேன் மம்மி."

சுகந்தியின் விரல் பழக்கத்தில் அந்தச் சின்ன உதட்டைத் தேடி நீண்டு, வெறும் காற்றில் நின்றது. கூப்பிட்டுத் திருத்த வாய் திறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். தண்ணீர் பாயை விட்டு, தரையை விட்டு, படியை விட்டு இறங்கியது. ஜைபு அக்காவின் வாசலை விட்டு, செங்கல்மேல் நின்ற பைக்குகளை விட்டு இறங்கியது. கீச்... ளக், கீச்... ளக் என்று தெரு நெடுக அந்தச் சத்தம் போனது. எல்லா வீட்டு ஜன்னலுக்குப் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள், ஒருவரும் வெளியே வரவில்லை. தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது போல நின்று, அப்புறம் வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

சுகந்தி கதவைத் தள்ளினாள். உப்பிய கதவு பாதியில் மறித்தது. பிள்ளையை ஒரு தோளில் வைத்துக்கொண்டு மறுதோளைக் கொடுத்து நெம்பினாள். தரையைப் பிராண்டிக்கொண்டு, மரம் முனகிக்கொண்டு, அது நிலையில் போய் உட்கார்ந்தது. ஒரு வருஷமாகத் தொடாத தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. இழுத்தபோது அது கத்தியது: கீச்.

பென்னி தலையைத் தூக்கினான். கதவைப் பார்த்தான். விரல்களை மடக்கி, உதட்டைக் குவித்தான்.

சுகந்தி அவன் வாயைத் தன் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, தாழ்ப்பாளைக் கடைசிவரை தள்ளினாள்.